ஐம்பத்திரண்டு நிமிஷ விதி

புதுப் பல் செட் போட்டுக்கொண்டவர்கள் ஐம்பத்திரண்டு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் எங்கே அழுத்துகிறது, எங்கே உரசுகிறது என்பது ஈறுக்கே தெரியவரும். ஐம்பதும் இல்லை, அறுபதும் இல்லை, ஐம்பத்திரண்டு. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லை. பல் செட் மாஸ்டர் தாமாகவே உண்டாக்கிய விதி இது. பதினோரு வருஷமாக நடைமுறையில் இருக்கிறது. இதுவரை ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.

வாயில் புதிதாக இருபத்தெட்டுப் பல்லை வைத்துக்கொண்டு யார்தான் கேள்வி கேட்பார்கள்? பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். புதுப் பல் வந்தாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குச் சொல் போனது போனதுதான்.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தொன்று. உயரமான ஆள். குனிந்து குனிந்து வேலை பார்த்ததில் கழுத்து மட்டும் முன்னால் வந்துவிட்டது. எப்போதும் எதையோ எட்டிப் பார்க்கிறவர் போலவே நிற்பார். மாடியில் டாக்டர் அம்மாவின் பல் மருத்துவமனை. கீழே, வண்டிகள் நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னல் அறையில் இவருடைய பட்டறை. மாடியில் வாயில் அச்சு எடுப்பார்கள். அந்த அச்சு படியிறங்கி வரும். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை செய்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, ராவி, பாலிஷ் போட்டு மேலே அனுப்புவார். புது செட் போட்டதும் உட்கார்ந்து பார்க்கவும், பிறகு ஏதாவது தொந்தரவு என்றாலும் டாக்டர் ஆளையே கீழே அனுப்பிவிடுவார். அதற்கென்றே ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருக்கிறது.

வேலையில் மனிதர் கெட்டிக்காரர். அதைச் சொல்லாமல் மேலே போனால் பாவம். இருபத்தெட்டுப் பல்லையும் வரிசை பிசகாமல் நட்டால் வேலி மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. அதனால் ஒவ்வொருவரிடமும் பழைய போட்டோ ஒன்று கேட்டு வாங்குவார். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எந்தப் பல் லேசாகத் திரும்பியிருந்ததோ அந்தப் பல்லை அதே அளவுக்குத் திருப்பி வைப்பார். "கொஞ்சம் கோணல் இருந்தாத்தான் அது உங்க பல்லு. இல்லன்னா கடைப் பல்லு," என்பார். டாக்டர் அம்மாவிடம் சேர்ந்து இருபது வருஷத்தில் அவர் செய்த எந்த செட்டும் இரண்டு தடவைக்கு மேல் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

இன்னொரு சொத்து, பச்சைப் பெட்டி.

தொழில் கற்றுக்கொண்டிருந்த நாளில், அதாவது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், ஒரு வாடகை அறைக்குக் குடிபோனார். முன்பு அங்கே இருந்தவர் மேசை இழுப்பறையில் கம்பி ஒடிந்த குடை ஒன்றையும் ஒரு சிடியையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். யாராவது தேடி வருவார்கள் என்று ஆறு மாதம் பார்த்தார். வரவில்லை. குடையைக் குப்பையில் சேர்த்தார். சிடியைக் கேட்டுப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

சிடியின் அட்டையில் ஆளில்லாத ரயில் நடைமேடை. நடுவில் ஒரு பச்சைப் பெட்டி. குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும் இங்கிலீஷில் நீளமாக இருக்கும். மாஸ்டர் உச்சரித்தால் பாடினவர்களுக்கே புரியாது. அதனால் வீட்டிலும் பட்டறையிலும் அதற்குப் பச்சைப் பெட்டி என்றே பெயர். ஐந்து பேர் சேர்ந்து போட்ட ஒரே ஆல்பம். அதற்கப்புறம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். என்ன சண்டையோ, யார் கண்டது.

ப்ரோக்ரஸிவ் ராக் என்று ஒரு வகை இருக்கிறது. பாட்டு ஆரம்பித்த இடத்தில் நிற்காது. தாளம் மாறும், வேகம் மாறும், வாசிக்கிறவர்கள் வாசித்துக்கொண்டே எங்கெங்கோ போய்விட்டு வருவார்கள். அதில் சிலதைக் கேட்டு முடித்தால் கணக்குப் பரீட்சை எழுதின களைப்பு வரும். இந்த ஐந்து பேர் அந்த ரகம் இல்லை. எவ்வளவு தூரம் சுற்றினாலும் ஒரு மெட்டைக் கையில் பிடித்தபடிதான் சுற்றுவார்கள். குளிக்கும்போது முணுமுணுக்கலாம், அவ்வளவு சுலபமான மெட்டு. ஆனால் முணுமுணுக்க ஆரம்பித்தால்தான் அதில் எத்தனை வளைவு இருக்கிறது என்பது தெரியும்.

கதையும் சின்னக் கதைதான். ஒரு குமாஸ்தா காலையில் வேலைக்குக் கிளம்புகிறான். தப்பான ரயிலில் ஏறிவிடுகிறான். தெரிந்த பிறகும் இறங்காமல் போய்க்கொண்டே இருக்கிறான். ஒன்பது பாட்டு, ஒன்பது ஸ்டேஷன். நடுவில் இடைவெளி கிடையாது. ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையோடு ஒட்டியிருக்கும். பாஷை முதலில் அவருக்குப் பாதிதான் புரிந்தது. அகராதி வாங்கி, வரி வரியாக எழுதி வைத்து, ஒரு வருஷம் உட்கார்ந்து மீதியையும் புரிந்துகொண்டார்.

இரண்டாவது பாட்டு ஏழு ஏழு எண்ணிக்கையாக ஓடும். எட்டுக்கு ஓர் அடி குறைகிறது என்பது காதுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். தாளம் போடுகிற கால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை ஏமாறும். மூன்றாவதில் ரயில் பாலத்தின் மேல் போகும். நான்கு குரல்கள் ஒன்றாகப் பாடும். யார் குரல் யாருடையது என்று பிரிக்க முடியாது. நான்காவது பதினோரு நிமிஷம். அதில் ஏழாவது நிமிஷம் கிட்டார் தனியாகக் கிளம்பும். அவசரமே படாது. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறும். இதற்குமேல் படி இல்லை என்று நாம் முடிவு கட்டும்போது இன்னும் ஒரு படி ஏறிவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த இடத்தை மாஸ்டர் ஒரு தடவைகூடச் சும்மா கடந்துபோனதில்லை. ஆறாவதில் பாட்டே இல்லை, பியானோ மட்டும், ஒன்றரை நிமிஷம். எட்டாவது சுமார்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது இவரிடம் செல்லாது. "எட்டாவதுல டிரம்ஸ்காரர் யார் சொன்னதையும் கேக்கலை," என்று சொந்தத் தம்பியைப் பற்றிச் சொல்கிற வருத்தத்தோடு சொல்வார். ஒன்பதாவதில் அதுவரை வந்த மெட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் பியானோ மட்டும் மிஞ்சி, முடியும். எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டு நிமிஷம்.

இப்படி ஒன்று கையில் இருந்தும் மனிதருக்கு ஒரு குறை. இதை யாராவது ஒருத்தர் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். கேட்டுவிட்டு இவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும். பாராட்டக்கூட வேண்டாம், திட்டினாலும் போதும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஓர் ஆள் கிடைக்கவில்லை.

முயற்சி பண்ணாமல் இல்லை. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகர். நாள் முழுக்கச் சத்தம் போடாதே, சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு வருகிறவர். கல்யாணமான புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். மூன்றாவது பாட்டில் தலை சாய்ந்துவிட்டது. அடுத்த வாரமும் அதே பாலத்தில் தூங்கிப்போனார். "அந்த இடம் வந்தா யாரோ தொட்டிலை ஆட்டற மாதிரி இருக்குங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். மகள் வளர்ந்ததும் அவளிடம் போட்டுக் காட்டினார். நான்கு நிமிஷம் பொறுத்துவிட்டு, "இதுல பாட்டு எங்கப்பா ஆரம்பிக்குது?" என்றாள். மனைவியின் தம்பி கடைசிவரை உட்கார்ந்திருந்தார், அது உண்மை. ஆனால் ஐம்பத்திரண்டு நிமிஷமும் தான் வாங்கப்போகிற காரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "ரொம்ப நல்லா இருந்துது மாமா," என்று எழுந்து போனார். அன்றைக்கு மாஸ்டர் இரவுச் சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த ஏக்கத்தில் பிறந்ததுதான் விதி. பதினோரு வருஷத்துக்கு முன் ஒருவர் புது செட் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரை மணி போதும், எழுந்து போகலாம். அப்போது நான்காவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிட்டார் இன்னும் ஏறவில்லை. மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. "ஐம்பத்திரண்டு நிமிஷம் ஆகணும் சார். அப்பத்தான் செட் ஈறுல உக்காரும்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். டாக்டர் அம்மா அனுபவஸ்தர் சொல்கிறார் என்று விட்டுவிட்டார். விதி நிலைத்துவிட்டது.

ஆனால் குதிரையைத் தண்ணீர்வரை கூட்டிப்போகலாம், குடிக்கவா வைக்க முடியும்? ஒரு பஸ் டிரைவர் முதல் பாட்டிலேயே செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் ஒருவர் குறட்டை விட்டார், புதுப் பல் அதற்குத் தாளம் போட்டது. ஒரு மளிகைக் கடைக்காரர் ஆறாவது பாட்டில் சத்தம் அடங்கியதும் கரண்ட் போய்விட்டதோ என்று விளக்கைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் ஆயிரம் பேருக்குமேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். ஒருத்தரும் வாய் திறந்து பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாஸ்டரும் மெல்ல எதிர்பார்ப்பை விட்டுவிட்டார். பழக்கத்தில் சிடியைப் போடுவார், மோட்டாரைக் கையில் எடுத்து அடுத்தவர் செட்டை ராவ ஆரம்பிப்பார், தானே கேட்டுக்கொள்வார்.

அப்போதுதான் சுருக்கெழுத்தம்மா வந்தார்.

நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு வருஷம் இங்கிலீஷ் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது அறுபத்தாறு. தனியாக இருக்கிறார். வெள்ளை முடியைக் கழுத்தோடு வெட்டியிருப்பார். சாய்வு நாற்காலியில்கூட சாயாமல் உட்கார்ந்த ஒரே ஆள் அவர்தான். முதல் வியாழக்கிழமை மாஸ்டர் விதியைச் சொன்னதும், சரி என்று தலையாட்டிவிட்டு, தரையைப் பார்த்தபடி இருந்தார். வலது கை விரல்கள் மட்டும் முழங்காலின் மேல் லேசாக அசைந்துகொண்டே இருந்தன. வயசாகிவிட்டால் கை நடுக்கம் வரத்தான் செய்யும் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு நிமிஷம் முடிந்ததும் வாயைப் பார்த்தார். ஈறில் ஒரு சிவப்பு இல்லை. செட் அச்சுப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்குச் சுருக்கெழுத்தம்மா மறுபடி வந்து நின்றார்.

"வலது பக்கம் மேல, லேசா அழுத்துது தம்பி."

மாஸ்டர் விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறாரே என்று மயிரிழை அளவு ராவிக் கொடுத்தார். "போட்டுக்கிட்டு உக்காருங்கம்மா. ஐம்பத்திரண்டு நிமிஷம்."

"தெரியும்," என்றார் அவர்.

மூன்றாவது வாரம் இடது பக்கம். நான்காவது வாரம் கீழ் செட், நடுவில். ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். சிவப்பும் இல்லை, புண்ணும் இல்லை. ஒவ்வொரு தடவையும் ராவுகிற மாதிரி ராவினார். இன்னொரு தடவை நிஜமாகவே ராவினால் நல்ல செட் கெட்டுவிடும். இருபது வருஷத்தில் இல்லாத சந்தேகம் அவருக்கு வந்தது. கண் மங்குகிறதா, கை தப்புகிறதா? வேறு நோயாளிகளின் செட்டையும் இரண்டு இரண்டு தடவை அளந்து பார்க்க ஆரம்பித்தார். வாரத்துக்கு மூன்று செட் முடிக்கிறவர் ஒன்றோடு நின்றார்.

புதன்கிழமை சாயங்காலம் டாக்டர் அம்மா மேலே கூப்பிட்டார். சுருக்கெழுத்தம்மாவின் அட்டை மேசையில் இருந்தது.

"மாஸ்டர், இந்த செட் மூணு தடவை திரும்பி வந்திருக்கு. நாளைக்கும் வரேன்னு ஃபோன் பண்ணிட்டாங்க. என்ன ஆச்சு?"

"தெரியலை டாக்டர். எனக்கு ஒரு குறையும் கண்ணுல படலை."

"அவங்க கோர்ட்ல இருந்தவங்க. இல்லாததைச் சொல்ற ஆள் இல்லை." டாக்டர் அம்மா நல்லவர்; அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "நாளைக்கு நானே கீழ வந்து பாக்கறேன். அப்பவும் சரியாகலைன்னா, அவங்களுக்கு மட்டும் வெளியில வேற இடத்துல செஞ்சு வாங்கிடலாம். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? மாஸ்டர் செய்த செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு ஒருவன் செய்ததைப் போடுவதா? வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, அந்தம்மா உக்காந்திருக்கும்போதும் பச்சைப் பெட்டிதான் ஓடுதா?"

"ஆமா. ஏன்?"

"பாவம், அதுல பல்லு கூசுதோ என்னவோ."

எப்போதும் இதற்குச் சிரிக்கிற மாஸ்டர் அன்று சிரிக்கவில்லை. அப்படியும் இருக்கலாமோ என்று யோசித்தார். பாட்டில் கவனம் போய், பல்லில் கோட்டை விட்டிருப்போமோ? நான்காவது பாட்டில் தன்னை மறந்து நிற்கிற பழக்கம் தமக்கு உண்டென்பது அவருக்குத் தெரியும். ஒரு பைத்தியத்துக்காக இருபது வருஷப் பெயரைக் கெடுத்துக்கொள்வதா? நாளைக்குப் பாட்டு வேண்டாம் என்று தீர்மானித்தார். மனைவி மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்க கைக்கு ஒண்ணும் ஆகலைங்க," என்றார்.

வியாழக்கிழமை நாலு மணி. பட்டறை சுத்தமாக இருந்தது. மேசையில் பிளாஸ்டர் தூள் இல்லை, மோட்டாரின் ஒயர் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, சிடி பிளேயரின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. சுருக்கெழுத்தம்மா உள்ளே வந்ததும் முதலில் அந்தத் துணியைத்தான் பார்த்தார். மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. பின்னாலேயே டாக்டர் அம்மா வந்தார்.

கடித்துப் பார்க்கும் நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னார் டாக்டர். எல்லாப் பல்லிலும் ஒரே அளவாக நீலம் பட்டது. ஈறை விளக்குப் போட்டுப் பார்த்தார். பேசச் சொன்னார், முழுங்கச் சொன்னார், கொட்டாவி விடச் சொன்னார். செட் அசையவில்லை.

"சரி, எங்க வலிக்குதுன்னு விரல் வச்சுக் காட்டுங்கம்மா."

சுருக்கெழுத்தம்மா வலது பக்கம் தொட்டார்.

"ஃபோன்ல இடதுன்னு சொன்னீங்க."

விரல் இடது பக்கம் போயிற்று. பிறகு அதுவும் கீழே இறங்கிவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் சாட்சிகள் தடுமாறுவதை அட்சரம் பிசகாமல் எழுதியவர் அவர். கூண்டில் ஏறி நிற்பது இதுதான் முதல் தடவை போலிருக்கிறது. டாக்டரை விட்டுவிட்டு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு ஏன் தம்பி பாட்டுப் போடலை?"

"உங்க பல்லுல முழு கவனம் வைக்கணும்னுதாம்மா."

"பல்லுல ஒண்ணும் இல்லை. முதல் நாள்லேருந்து நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் அம்மா கையிலிருந்த விளக்கை அணைத்தார். "அப்புறம் எதுக்கும்மா வாராவாரம் வந்தீங்க?"

"அதைக் கேக்கத்தான்," என்று துணி மூடிய பிளேயரைக் காட்டினார் சுருக்கெழுத்தம்மா.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். நாலு வாரமாக வெண்ணெய் தானாக நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இவர் அதை ராவிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது ஃபோன்லயே கிடைக்குமேம்மா," என்றார் டாக்டர்.

"கிடைக்குது. தங்கச்சி மக போட்டுக் குடுத்தா. வீட்டுல கேட்டேன். ஏதோ குறையுது." அவர் குரல் இப்போது நிதானத்துக்கு வந்துவிட்டது. "நாலாவது பாட்டுல கிட்டார் ஏறும் பாருங்க. அங்க எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது. முதல் நாள் அந்த இடத்துல நிமிர்ந்து பாத்தேன். இவர் மோட்டாரை நிறுத்திட்டு, யாரோட பல்லையோ கையில பிடிச்சபடி அப்படியே நிக்கறார். அந்தப் படி ஏறி முடிஞ்சப்புறம்தான் மோட்டார் ஓடுது. அடுத்த வாரமும் அதே இடத்துல நின்னார். எங்க வீட்டுல அந்த இடம் வரும்போது நிக்கறதுக்கு ஆள் இல்லை."

மாஸ்டருக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது என்று சொன்னால் போதும், வேறு அலங்காரம் வேண்டாம்.

"நேரா கேட்டிருக்கலாமேம்மா," என்றார்.

"எப்படிக் கேக்கறது? இந்த வயசுல ஒருத்தி பட்டறைக்கு வந்து, பாட்டுப் போடுங்கன்னு நின்னா நல்லாவா இருக்கும்? பல்லுன்னா ஒரு காரணம் இருக்கு. உங்க பேரைக் கெடுக்கறேன்னு எனக்குத் தோணவே இல்லை. மன்னிச்சுக்கங்க, ரெண்டு பேரும்."

டாக்டர் அம்மா நாலு வாரத்துக் குறையையும் அட்டையில் அடித்துவிட்டு, "செட்டில் குறை இல்லை," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாஸ்டருக்குத் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. கிளம்பிய டாக்டர் அம்மா வாசலில் நின்றார்.

"மாஸ்டர், அந்தப் பாட்டு எவ்வளவு நேரம் ஓடும்?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். "ஐம்பத்திரண்டு நிமிஷம், டாக்டர்."

"அப்ப அந்த செட் ஈறுல உக்காற நேரம்?"

"அரை மணி போதும், டாக்டர்."

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நான் இதை ரெண்டு காலேஜ்ல பேசியிருக்கேன் மாஸ்டர். பசங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க."

கோபப்படுகிறாரா, சிரிக்கிறாரா என்பது தெரிவதற்குள் படியேறிவிட்டார். மாடிப்படி பாதியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது போதும் என்று மாஸ்டருக்கு நிம்மதியாயிற்று.

பிளேயர் மேலிருந்த துணியை எடுத்தார். சுருட்டிய ஒயரை அப்படியே விட்டார். பாட்டு ஓடும்போது வேலை எதுவும் இல்லாமல் பட்டறையில் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். முக்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். கைகளை எங்கே வைப்பதென்று முதலில் தெரியவில்லை. எதிரே சுருக்கெழுத்தம்மாவின் விரல்கள் முழங்காலில் ஓடின. அது நடுக்கம் இல்லை என்பது இப்போதுதான் மாஸ்டருக்கு விளங்கிற்று. அவர் பாட்டை எழுதிக்கொண்டிருந்தார். தாளும் இல்லாமல் பென்சிலும் இல்லாமல், வரி வரியாக, கோர்ட்டில் எழுதிய அதே வேகத்தில்.

ஏழாம் எண்ணிக்கையில் இருவர் காலும் ஒன்றாக ஏமாந்தது. பாலம் வந்து போயிற்று. நான்காவதில் கிட்டார் ஏறியபோது விரல்கள் நின்றன. மாஸ்டர் மூச்சை நிறுத்தியிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை, பார்க்கத் தேவைப்படவில்லை. வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள், யாருடனோ சத்தம் போட்டார்கள். ஒன்பதாவதும் முடிந்து கடைசிப் பியானோவும் அடங்கியபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது.

மாஸ்டர் காத்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்தவருக்கு இந்த ஒரு நிமிஷத்தைக் காத்திருக்க முடியவில்லை. நல்லா இருக்கு என்பாரோ? நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுவாரோ?

"அவன் தப்பான ரயில்ல ஏறலை, தம்பி," என்றார் சுருக்கெழுத்தம்மா.

"இல்லம்மா. தப்பாத்தான் ஏறினான். அதுதானே கதையே. அவனே பாடறானே."

"அவன் சொல்றான். சாட்சி சொல்றதெல்லாம் நிஜமா? முதல் பாட்டுல கிளம்பும்போது என்ன பண்றான்? வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுல குடுக்கறான். செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்றான். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வர்றவன் எதுக்குச் செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லணும்? எல்லாம் தெரிஞ்சேதான் ஏறினான். கேக்கறவங்களுக்கு ஒரு காரணம் வேணுமேன்னு தப்பா ஏறிட்டேங்கறான்."

அந்த வரி மாஸ்டருக்கு மனப்பாடம். அகராதி பார்த்து முதன்முதலில் எழுதிய வரிகளில் அதுவும் ஒன்று. குளிக்கும்போது பாடுகிற வரி. சாவியும் செடியும் இருபத்திரண்டு வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கின்றன. நான்கு வாரம் கேட்டவர் கண்டுபிடித்துவிட்டார். இவர் தலையில் இருந்த ஆல்பம் முழுக்க ஒரு தடவை ஆடி, வேறு மாதிரி உட்கார்ந்தது. தோற்றுப்போனவருக்கு வரவேண்டிய வருத்தம் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. அப்படி ஒரு ஆனந்தம்.

ஆனாலும் சும்மா விட்டுக்கொடுத்துவிட முடியுமா? முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்படின்னா அஞ்சாவது பாட்டுல ஸ்டேஷன் போர்டைப் பாத்துட்டு எதுக்கும்மா அழறான்?"

சுருக்கெழுத்தம்மா மடியில் இருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"அதுக்குத்தான் வரேன்," என்றார்.